புது மேனுவல் கார், ஆனா மீட்டர்ல 412 கிமீ. நம்பி எடுக்கலாமா?

ரெண்டாம்கியர்:

வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா இங்க ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் இருந்தவன், முதல் தடவையா கேள்வி கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு மேனுவல் தான் வேணும். ஆட்டோமேட்டிக் எடுன்னு வீட்ல ஒரே பாட்டு, ஆனா இடது காலுக்கு வேலை இல்லன்னா எனக்கு தூக்கம் வந்துரும். நான் பாக்குற மாடல்ல மேனுவல் கேக்குற ஆளே கம்மியாம், ஸ்டாக் யார்டுல நிக்கிறது எல்லாமே ஆட்டோமேட்டிக். ஆர்டர் போட்டா நாலு மாசம் ஆகும்ங்குறாங்க. இந்த ஷோரூம் கையில இருக்குறது ஒரே ஒரு மேனுவல். நான் கேட்ட வேரியன்ட், நான் கேட்ட கலர் கூட. ஆனா அது டெஸ்ட் டிரைவுக்கு விட்ட வண்டி, மீட்டர்ல 412 கிமீ.

"சார் இது புது வண்டி தான், சும்மா நாலு பேரு ஒரு ரவுண்டு போயிருப்பாங்க"ன்னு சேல்ஸ் தம்பி சொல்றாரு. தள்ளுபடி கொஞ்சம் தர்றாங்களாம். கொஞ்சம்னா நிஜமாவே கொஞ்சம் தான்.

என் பயம் எல்லாம் கிளட்ச் மேல. ஏன்னா ஒரு உண்மையை சொல்லிடுறேன், அந்த 412-ல ஒரு 6 கிமீ என்னோடது. பழக்கமில்லாத பெடல், பக்கத்துல சேல்ஸ் தம்பி, பின்னாடி வீட்டுக்காரம்மா. கேட்டுக்கு வெளியில ஏத்தத்துல ரெண்டு தடவை ஆஃப் ஆயிடுச்சு. மானம் போச்சேன்னு மூணாவது தடவை ஆக்சிலேட்டரை நல்லா ஏத்தி பிடிச்சிட்டு கிளட்சை இஞ்ச் இஞ்சா விட்டேன், வண்டி கிளம்பிடுச்சு, ஆனா ஒரு மாதிரி கருகின வாசனை. தம்பி ஒண்ணும் சொல்லல, மெதுவா அவர் பக்கத்து ஜன்னலை மட்டும் இறக்கி விட்டாரு. பல தடவை பழகின கை அது, பாத்தாலே தெரிஞ்சுது.

இருபது வருஷமா மேனுவல் ஓட்டுறவன் நானே இப்படின்னா எனக்கு முன்னாடி ஓட்டினவங்க என்ன பண்ணியிருப்பாங்க? எடுக்கலாமா, நாலு மாசம் காத்திருக்கலாமா?


நேர்ரோடு:

எடுக்காதீங்க. புதுசுக்கு காசு குடுத்துட்டு அடுத்தவன் ஓட்டி பழகின வண்டியை எதுக்கு வாங்கணும்? நாலு மாசம் நாலு நாள் மாதிரி ஓடிடும். அவ்ளோ தான்.


முன்னாள்_ஷோரூம்:

நேர்ரோடு அண்ணன் சொல்றது ஒரு வகையில சரி, ஆனா அவ்ளோ ஈஸியா தள்ளிட வேணாம். நான் அஞ்சு வருஷம் ஷோரூம்ல டெஸ்ட் டிரைவ் பக்கம் உக்காந்தவன், உள்ள நடக்குறத சொல்றேன்.

முதல்ல, புது வண்டின்னு சொல்ற எதுவுமே பூஜ்யத்துல வராது. ஃபேக்டரியில டெஸ்ட் ட்ராக், லாரியில ஏத்தி இறக்குறது, யார்டுக்குள்ள நகத்துறது, டெலிவரிக்கு முன்னாடி செக்கிங், இதுலயே மீட்டர் கொஞ்சம் நகந்திருக்கும். அதுக்கு மேல, ஒரு கிளையில இல்லாத கலர் இன்னொரு கிளையில இருந்தா சில சமயம் லாரிக்கு காத்திருக்காம டிரைவர் வச்சு ரோட்லயே ஓட்டிட்டு வந்துருவாங்க. அப்ப 300, 400 கூட ஏறும். இந்த மாதிரி ஏறின கிமீ-க்கு நான் பயப்படவே மாட்டேன். ஒரே ஆளு, ஒரே மூச்சு, பெரும்பாலும் டாப் கியர், கிளட்ச்ச மிதிச்சதே மொத்தமா ஒரு அம்பது தடவை இருக்கும்.

டெஸ்ட் டிரைவ் கிமீ வேற ஜாதி. ஒரு ரவுண்டு 6 கிமீ-ன்னு வைங்க, 412-ஐ வகுத்தா கிட்டத்தட்ட 68 பேரு. ஆளுக்கு ஒரு 15 தடவை நின்னு கிளம்பினாலும் ஆயிரம் தடவை கிளம்பியிருக்கு. 68 பேருக்கும் அந்த பெடல் புதுசு. அதுல பாதி பேரு பல வருஷமா ஆட்டோமேட்டிக் ஓட்டிட்டு "ஒரு தடவை மேனுவல் பாத்துருவோமே"ன்னு வந்தவங்க. அதனால மீட்டர்ல எவ்ளோன்னு கேக்குறது பாதி கேள்வி தான். எத்தனை கால் மிதிச்சிருக்குன்னு கேளுங்க.

அதை கண்டுபிடிக்க மூணு வழி சொல்றேன். டெஸ்ட் டிரைவ் ரெஜிஸ்டர்னு ஒண்ணு ஷோரூம்ல இருக்கும், லைசென்ஸ் பாத்து என்ட்ரி போடுவாங்க. பேரு எல்லாம் காட்ட மாட்டாங்க, காட்டவும் கூடாது, ஆனா இந்த வண்டிக்கு எத்தனை என்ட்ரின்னு கேட்டா சொல்லலாம்ல.

ரெண்டாவது, ட்ரிப் கம்ப்யூட்டர். டெஸ்ட் வண்டியில ட்ரிப் ஏ-வை யாராவது ரீசெட் பண்ணியிருப்பாங்க, ட்ரிப் பி-யை பெரும்பாலும் எவனும் தொட மாட்டான். அதுல சராசரி வேகம் பாருங்க. 50க்கு மேல இருந்தா ஹைவேயில வந்த கிமீ. 15, 20ன்னு இருந்தா முடிஞ்சுது கதை, ஊருக்குள்ள உருட்டினது, இல்லன்னா ஏசி போட்டு நிறுத்தி வச்சு ஃபீச்சர் விளக்கினது. கிமீ-யை சராசரி வேகத்தால வகுத்தீங்கன்னா இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு வந்துரும், ஓடோமீட்டர் சொல்லாத கணக்கு அது.

மூணாவது தான் எனக்கு பிடிச்சது. ஸ்க்ரீன்ல ப்ளூடூத் லிஸ்ட்டை திறந்து பாருங்க. வந்தவன் போனவன் எல்லாம் போனை இணைச்சு பாட்டு போட்டு பாத்திருப்பான், அழிக்கிறதுக்கு எங்களுக்கு என்னைக்குமே ஞாபகம் வந்ததில்ல.


ரெண்டாம்கியர்:

ப்ளூடூத் லிஸ்ட்!! இது என் மூளைக்கு எட்டவே இல்ல. சனிக்கிழமை போறேன், பாத்துட்டு சொல்றேன். அதுக்குள்ள கிளட்ச்சை எப்படி செக் பண்றதுன்னு யாராவது சொல்லுங்கப்பா.


கரிக்கை:

மெக்கானிக் பேசுறேன். கிளட்ச் செட் மாத்துறது தான் என் சோறு, அதனால கொஞ்சம் கேளுங்க.

கிளட்ச் தேயுறது ரெண்டு நேரத்துல மட்டும் தான், ஃப்ளைவீலும் (இன்ஜினோட சுத்துற கனமான சக்கரம்) பிளேட்டும் (கியர்பாக்ஸோட சுத்துற கிளட்ச் தட்டு) வேற வேற வேகத்துல சுத்தி உரசிக்கும்போது. முழுசா மிதிச்சிருந்தாலும் தேயாது, முழுசா விட்டிருந்தாலும் தேயாது, நடுவுல அந்த அரை கிளட்ச்ல தொங்குறீங்க பாருங்க அங்க தான் எல்லாம் போகுது. (ரெண்டு நேரம்னு சொல்லிட்டு ஒண்ணு தான் சொன்னேன், இன்னொண்ணு கியர் மாத்தும்போது, அது ரொம்ப கம்மி, விடுங்க.)

பெடல் மேல வந்து பிடிச்சா பிளேட் தேஞ்சிருக்குன்னு ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. அது கேபிள் கிளட்ச் காலத்து பேச்சு. இப்ப நிறைய வண்டியில ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்துல வேலை செய்யிறது, தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி ஆயிலே சரிகட்டிக்கும், பெடல் பிடிக்கிற இடம் பெருசா மாறாது. அதனால பெடல் உயரத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

நான் செய்யிறது இது தான். காலியான ரோடு, மூணாவது இல்ல நாலாவது கியர், 40 வேகம், ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு காட்டுறது) 1500 பக்கம் இருக்கட்டும். இப்ப ஆக்சிலேட்டரை முழுசா அமுக்குங்க. நல்ல கிளட்ச்னா ஆர்பிஎம்மும் வேகமும் கைகோத்து மெதுவா ஏறும். ஆர்பிஎம் முள்ளு மட்டும் துள்ளி ஏறி வண்டி பின்னாடி யோசிச்சு யோசிச்சு வந்துச்சுன்னா ஸ்லிப். 412 கிமீ வண்டியில இது வராது, வந்தா பேச்சே இல்ல, கீயை குடுத்துட்டு நடையைக் கட்டுங்க.

இந்த வண்டியில நீங்க பாக்க வேண்டியது ஸ்லிப் இல்ல, உதறல். சூடு ஏறின பிளேட் மேல கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு வரும், ஃப்ளைவீல் மேல அங்கங்க நீலம் பாஞ்ச திட்டு விழும். அப்புறம் முதல் கியர்ல கிளம்பும்போதும், முக்கியமா ரிவர்ஸ்ல மேடு ஏத்தும்போதும், வண்டி கடகடன்னு உடம்பு ஆட்டும். அதனால ரிவர்ஸ்ல, சின்ன ஏத்தத்துல, ஆக்சிலேட்டர் ரொம்ப குடுக்காம மெதுவா விட்டு பாருங்க. பட்டு மாதிரி ஏறணும்.

ஹேண்ட்பிரேக் போட்டு மூணாவது கியர்ல கிளட்சை விட்டு ஆஃப் ஆகுதான்னு பாக்குற டெஸ்ட்டு ஒண்ணு இருக்கு. தயவு செஞ்சு வேணாம். உங்களுக்கு முன்னாடி வந்த பத்து பேரு அதை பண்ணியிருப்பான்.

கியர்பாக்ஸை காலையில முதல் ஸ்டார்ட்ல தான் பாக்கணும். சூடானா எந்த பாக்ஸும் நல்லவன் வேஷம் போடும். மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கும்போது நறநறன்னு சத்தம் வருதா, ரெண்டாவது லேசா முரண்டு பிடிக்குதா பாருங்க. அங்க தான் சிங்க்ரோ வளையம் (கியர் விழுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க வேகத்தையும் சமமாக்குறது) அதிகமா உழைக்கும். பழகாதவங்க பண்ற இன்னொரு கொடுமை, வண்டி நிக்கிறதுக்குள்ள ரிவர்ஸ் தள்றது. நிறைய வண்டியில ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் மிதிச்சு ரெண்டு மூணு செகண்டு விட்டுட்டு போடுங்க, அப்பவும் கிறீச்னா குறிச்சு வைங்க.


சராசரி_தமிழன்:

அண்ணே எனக்கு ஒரு சின்ன டவுட்டு, ஆயில் சூடாகாம ரேஸ் பண்ணியிருந்தா இன்ஜின் என்ன ஆகும்? ரன்னிங் இன், அதான் புது இன்ஜினை முதல்ல பதமா ஓட்டி பழக்குறது, எல்லாம் இன்னும் இருக்கா இல்ல அது பழைய கதையா?


கரிக்கை:

இருக்கு தம்பி. பழைய வண்டி மாதிரி பொத்தி பொத்தி வளக்க வேண்டியதில்ல, ஆனா நிறைய வண்டியோட கையேடு புத்தகத்துல இன்னமும் முதல் 1000 இல்ல 1500 கிமீ வரைக்கும் முழு ஆக்சிலேட்டர் வேணாம், ஒரே வேகத்துல ரொம்ப நேரம் ஓட்ட வேணாம்னு போட்டிருக்கும். சிலிண்டர் சுவத்துல குறுக்கும் நெடுக்குமா மெல்லிய கோடு போட்டு விட்டிருப்பாங்க, பிஸ்டன் ரிங்கு அதுல உக்காந்து பழகணும். அப்புறம் டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கு வந்துட்டா ஆயிலும் சூடாயிடுச்சுன்னு நினைக்கிறாங்க, முள்ளு காட்டுறது கூலன்ட்டை, ஆயில் சூடாக அதுக்கு மேல பல நிமிஷம் ஆகும். 6 கிமீ ரவுண்டுல ஆயில் சூடாகுறதுக்குள்ள அடுத்த ஆளு ஏறிடுவான்.

ஆனா இதுக்காக பெருசா பயந்துக்க வேணாம், 412 கிமீ-ல இன்ஜினை கெடுக்கணும்னா தனி திறமை வேணும். ஒண்ணே ஒண்ணு தவிர. நாலுக்கு பதிலா ரெண்டுல தப்பா இறக்கிட்டா ஆர்பிஎம் சிவப்பு கோட்டை தாண்டி எங்கயோ போயிரும். லிமிட்டர் காப்பாத்தாது, அது பெட்ரோலை தான் நிறுத்தும், அங்க இன்ஜினை சுத்துறது சக்கரம். சில வண்டியில இந்த ஓவர் ரேஸ் கம்ப்யூட்டர்ல பதிவாகும், சர்வீஸ்ல ஸ்கேனர் போட்டு பாக்க சொல்லலாம்.


அரைக்கணக்கு:

கிளட்ச் சூடு பத்தி பேச்சு வந்ததால ஒரு கணக்கு போட்டே ஆகணும், மன்னிச்சுக்கோங்க, வியாதி.

சமதளத்துல ஆர்பிஎம்-ஐ ஒரே இடத்துல பிடிச்சுட்டு கிளட்ச்ச விட்டு கிளம்புறீங்கன்னு வைங்க. பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒரே வேகத்துக்கு வர்ற வரைக்கும் வண்டிக்கு எவ்ளோ இயக்க ஆற்றல் சேருதோ கிட்டத்தட்ட அதே அளவு கிளட்ச்ல சூடா போகும். 1200 கிலோ வண்டி, முதல் கியர்ல 1000 ஆர்பிஎம்முக்கு 7.5 கிமீ வேகம்னு எடுத்துக்கிட்டா ஒரு தடவை கிளம்ப 2.6 கிலோ ஜூல் சூடு. அதே ஆளு பயந்துபோய் 3000-ல பிடிச்சு கிளம்பினா 23 கிலோ ஜூலுக்கு மேல. ஆர்பிஎம் மூணு மடங்கு, சூடு ஒன்பது மடங்கு, வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 23 கிலோ ஜூல்னா ஒரு கிலோ இரும்பை 50 டிகிரி சூடாக்கும், அதுவும் இது பிளேட் மேல்பரப்புல ஒரு சில செகண்டுல விழுற சூடு. ரெண்டாம்கியர் அண்ணன் மேட்டுல வேற பண்ணியிருக்காரு, அது இன்னும் கூட.

மேட்டுல ஹேண்ட்பிரேக் போடாம அரை கிளட்ச்லயே வண்டியை நிறுத்தி பிடிக்கிறவங்களுக்கு கணக்கே கிடையாது, வண்டி நகரவே இல்ல, இன்ஜின் தர்றது மொத்தமும் சூடு தான்.


எல்போர்டு_வாத்தியார்:

அரைக்கணக்கு தம்பி, நான் இருபத்தி ரெண்டு வருஷமா கத்துக் குடுத்து கண்டுபிடிச்சதை நீங்க ஒரு பாராவுல போட்டுட்டீங்க, சந்தோஷமா இருக்கு, கொஞ்சம் வயித்தெரிச்சலாவும் இருக்கு.

எல்லாரும் டிரைவிங் ஸ்கூல் வண்டி கிளட்ச் ரெண்டு மாசத்துல போயிரும்னு நினைக்கிறாங்க. என் வண்டியில ஒரு நாளைக்கு ஏழெட்டு பேரு ஏறுறான், எல்லாரும் முதல் தடவை, ஆனா கிளட்ச் வருஷக்கணக்கா நிக்குது. ஏன்னா முதல் வாரம் நான் ஆக்சிலேட்டரை தொடவே விட மாட்டேன். சமதளத்துல ஐடிலிங்லயே கிளட்சை விட்டு நகரணும். ஆஃப் ஆகும், நூறு தடவை ஆஃப் ஆகும், ஆகட்டும். ஆஃப் ஆனா கிளட்ச்சுக்கு ஒண்ணும் ஆகாது, அது பட்டுனு பிடிச்சுக்கிட்டதால தான் இன்ஜின் நின்னுச்சு, உரசுறதுக்கு நேரமே இல்ல. இன்ஜின் மவுன்ட்டுக்கு ஒரு குலுக்கு கிடைக்கும், அவ்ளோ தான்.

கிளட்ச்சை கொல்றது ஆஃப் ஆகுற ஆளு இல்லீங்க. ஆஃப் ஆயிடுமோன்னு பயப்படுற ஆளு. பின்னாடி ஹார்ன் அடிச்சா பயம், பக்கத்துல மச்சான் உக்காந்திருந்தா பயம், டெஸ்ட் டிரைவ்ல சேல்ஸ் தம்பி முன்னாடி அசிங்கப்பட கூடாதுன்னு பயம். கேள்வி கேட்ட தம்பி முதல் ரெண்டு தடவை ஆஃப் பண்ணினாரே, அதுல வண்டிக்கு ஒரு சேதமும் இல்ல. மூணாவதா மானத்தை காப்பாத்தினாரு பாருங்க, அதுல தான் ஜன்னல் இறங்குச்சு.


கரிக்கை:

வாத்தியார் சொல்றதை ஒத்துக்குறேன், ஆனா ஒரு திருத்தம். வாத்தியாரோட வண்டியில ஒரே வாத்தியார் இருக்காரு, காலை தட்டி விட ஆளு இருக்கு, அவர் பக்கமும் பெடல் இருக்கு. ஷோரூம் வண்டியில சேல்ஸ் பையன் வாயை திறக்க மாட்டான், கஸ்டமர் கோவிச்சுக்கிட்டா வியாபாரம் போச்சு. அதனால ஸ்கூல் வண்டியே நிக்குதுன்னு சொல்லி இதை எடுத்துடாதீங்க.

ஒரு தடவை வாசனை வந்ததுக்காக பிளேட் முடிஞ்சதுன்னும் அர்த்தம் இல்ல. ஆற விட்டா மேல்பரப்பு மறுபடி ஒழுங்கா பதியும். அடுத்தடுத்து ஆற விடாம பத்து பேரு அதே மேட்டுல பண்ணினா தான் அந்த நீல திட்டு விழும். அவங்க ஷோரூம் கேட்டுக்கு வெளியிலயே ஏத்தம்னு சொன்னீங்களே, அது தான் எனக்கு உறுத்துது.

டூயல் மாஸ் ஃப்ளைவீல் (ரெண்டு துண்டா இருக்குற ஃப்ளைவீல்) உள்ள வண்டியான்னும் கேட்டு வைங்க. அதுக்குள்ள ஸ்ப்ரிங்கும் கிரீஸும் இருக்கு, ஓவர் சூடு அதுக்கும் ஆகாது, மாத்த வேண்டி வந்தா கிளட்ச் செட்டை விட அது தான் பர்ஸை பதம் பாக்கும்.


காகிதப்புலி:

எல்லாரும் வண்டிக்கு அடியில படுத்துட்டீங்க, பேப்பரை யாரும் பாக்கல.

ரெண்டே கேள்வி. ஒண்ணு, இந்த வண்டி ஏற்கனவே யார் பேர்லயாவது ரிஜிஸ்டர் ஆயிருக்கா? டெமோ வண்டிய சில இடத்துல ஷோரூம் பேர்லயே பதிஞ்சிருப்பாங்க. அப்படின்னா நீங்க 412 கிமீ ஓடின "புது" வண்டிக்கு ரெண்டாவது ஓனர். நாளைக்கு விக்கப் போனா வாங்க வர்றவன் கிமீ-யை பாக்க மாட்டான், ஓனர் எண்ணிக்கைய தான் பாப்பான். அப்ப தள்ளுபடி "கொஞ்சம்" பத்தாது.

ரெண்டு, வாரண்டி எந்த தேதியில ஸ்டார்ட் ஆச்சு? நீங்க பணம் கட்டுற தேதியா, இல்ல அவங்க கம்பெனிக்கு டெமோன்னு அறிவிச்ச தேதியா? இதை விக்கிறவங்க கிட்ட கேக்காதீங்க. சேசிஸ் நம்பரை எடுத்துக்கிட்டு கம்பெனியோட கஸ்டமர் லைனுக்கு போன் போடுங்க, இல்லன்னா வேற ஒரு சர்வீஸ் சென்டர்ல சிஸ்டத்துல போட்டு பாக்க சொல்லுங்க. தேதி ரெண்டும் ஒத்துப்போகணும்.

கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் எல்லாம் தேயுற சாமான், பொதுவா வாரண்டியில தேய்மானத்துக்கு மாத்தி தர மாட்டாங்க. "வாரண்டி இருக்கே சார்"னு அவங்க சொன்னா அது இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் தான், நீங்க பயப்படுற சாமானுக்கு இல்ல. அதனால கிளட்ச்சை பத்தி என்ன வாக்கு குடுத்தாலும் லெட்டர்ஹெட்ல எழுதி சீல் போட்டு வாங்குங்க. இன்வாய்ஸ்ல டெலிவரி அன்னைக்கு மீட்டர் ரீடிங்கும் இருக்கணும்.

டயர் பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணு தயாரிச்ச வாரமும் வருஷமும். 2324-ன்னா 2024-ல 23-வது வாரம். வண்டி எவ்ளோ நாளா நிக்குதுன்னு ஓரளவு புரியும். ரெண்டாவது சாவி, ஜாக்கி, ஸ்பேனர், மிதியடி எல்லாம் எண்ணிப் பாருங்க, டெமோ வண்டியில இருந்து இதெல்லாம் தான் முதல்ல காணாம போகும்.


முன்னாள்_ஷோரூம்:

ரெண்டாவது சாவி மேட்டர் 100% உண்மை. எங்க இடத்துல ஒரு டிராயர் நிறைய இருந்துச்சு, எந்த சாவி எந்த வண்டின்னு ஆண்டவனுக்கு தான் தெரியும்.


ரெண்டாம்கியர்:

போயிட்டு வந்தாச்சு, மக்களே. காலையில கடை திறக்குறதுக்கு முன்னாடியே போய் நின்னேன், யாரும் ஸ்டார்ட் பண்ணிட கூடாதுன்னு. தம்பிக்கு என்னை ஞாபகம் இருக்கு, சிரிச்சாரு.

மீட்டர் இப்ப 431. அதாவது என் கேள்விக்கும் உங்க பதிலுக்கும் நடுவுல இன்னும் மூணு பேரு ஓட்டிட்டான்!

ட்ரிப் பி தொடாம இருந்துச்சு. சராசரி வேகம் 16. வகுத்து பாத்தேன், 27 மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கு. ப்ளூடூத் லிஸ்ட்ல 11 போன், அதுல ஒண்ணு பேரு "அப்பா போன் தொடாதே". ரெஜிஸ்டர் கேட்டேன், முதல்ல மழுப்பினாங்க, மேனேஜர் வந்து எண்ணி 54 என்ட்ரின்னு சொன்னாரு. கணக்கு கிட்டத்தட்ட ஒத்து வருது. "நாலு பேரு"ன்னு சொன்ன தம்பி அப்ப ஃபைல்ல எதையோ தேடிட்டு இருந்தாரு.

கரிக்கை அண்ணன் சொன்ன மாதிரி நாலாவது கியர் டெஸ்ட், சுத்தமா ஸ்லிப் இல்ல. கோல்டுல மூணு-ரெண்டு வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. ரிவர்ஸ்ல அந்த கேட் ஏத்தத்துல தான் சமாச்சாரம். மெதுவா விட்டா லேசா ஒரு நடுக்கம், ஸ்டியரிங்ல கைய வச்சா தெரியுது, டேஷ்போர்டு மேல வச்சிருந்த என் சாவிக்கொத்து கிணுகிணுன்னு ஆடுச்சு. நாலஞ்சு தடவை பண்ணி பாத்தேன், ஒவ்வொரு தடவையும் அதே. சரி இந்த மாடலே இப்படி தானோன்னு வேற ஒரு கிளைக்கு போய் அங்க இருந்த மேனுவல்ல அதே மாதிரி ரிவர்ஸ் எடுத்தேன், அதுல சாவிக்கொத்து அசையல.

ரிஜிஸ்டர் ஆகல, நல்ல வேளை. ஆனா கஸ்டமர் லைன்ல கேட்டா வாரண்டி அஞ்சு மாசம் முன்னாடியே ஸ்டார்ட் ஆயிருக்கு.

இப்ப என்ன பண்ணலாம்? மனசு அந்த கலர் மேலயே நிக்குது.


நேர்ரோடு:

நான் முதல்லயே சொன்னேன்.


கரிக்கை:

வேற வண்டியில ஓட்டி ஒப்பிட்டீங்க பாருங்க, அங்க தான் நிக்கிறீங்க. பாதி பேரு அதை செய்ய மாட்டான்.

அந்த நடுக்கம் கிளட்ச் தான்னு ஓட்டி பாக்காம அடிச்சு சொல்ல மாட்டேன், இன்ஜின் மவுன்ட்டா கூட இருக்கலாம், ஆனா 54 பேரு, அந்த மேடு, எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுது. நான்னா இப்படி பேசுவேன்: கிளட்ச் செட்டை இறக்கி பாருங்க, பிளேட், அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதிச்சா அந்த பிடியை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் மூணும் புதுசு போடுங்க, ஃப்ளைவீலை என் கண்ணு முன்னாடி காட்டுங்க, நீல திட்டு இருந்தா அதுவும் மாத்துங்க. இன்ஜின் ஆயில், ஃபில்டர் புதுசு. இதுக்கு அப்புறமும் அந்த நடுக்கம் இருந்தா அட்வான்ஸ் திருப்பி. இதெல்லாம் எழுத்துல. முடியாதுன்னு சொன்னா நாலு மாசம் காத்திருங்க, கலர் எங்கயும் ஓடாது.


காகிதப்புலி:

+1. கூடவே அந்த அஞ்சு மாசத்துக்கு எக்ஸ்டென்டட் வாரண்டி அவங்க செலவுல. கேட்டா தான் கிடைக்கும், அவங்களுக்கும் இந்த வண்டிய தள்ளி விட்டா போதும்ங்குற நிலைமை தான். மேனுவல் கேக்குற ஆளே இல்லன்னு அவங்களே தான உங்ககிட்ட சொன்னாங்க.


ரெண்டாம்கியர்:

கடைசி அப்டேட், பத்து நாள் ஆச்சு.

கிளட்ச் செட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க, ஒரு வாரம் இழுத்தாங்க. கியர்பாக்ஸை இறக்கினப்ப போன் பண்ணி கூப்பிட்டாங்க, போனேன். பிளேட் தடிமன் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கு, தேஞ்சிருக்குன்னு சொல்லவே முடியாது. ஆனா மேல பளபளன்னு, நகத்தால கீறினா வழுக்குது. பிரஷர் பிளேட்டுல நாலு இடத்துல கருநீல வட்டம். ஃப்ளைவீல்ல ரெண்டு இடத்துல லேசா, சாதா ஃப்ளைவீல் தான், டூயல் மாஸ் இல்ல, அதை சாணை பிடிச்சு சரி பண்ணிடலாம்னாங்க, நான் மாத்த சொல்லி நின்னேன், மாத்தினாங்க. எக்ஸ்டென்டட் வாரண்டிக்கு பாதி தான் இறங்கி வந்தாங்க, மீதி நான் போட்டேன். ரெண்டாவது சாவி மூணு நாள் தேடி கிடைச்சுது.

அந்த பழைய பிளேட்டை கேட்டு வாங்கி வந்திருக்கேன், மேசை மேல இருக்கு. அதுல 6 கிமீ என்னோடது.


எல்போர்டு_வாத்தியார்:

வாழ்த்துகள் தம்பி. புது பிளேட் முதல் சில நூறு கிமீ பதமா ஓட்டுங்க, அதுவும் பதிஞ்சு உக்காரணும். மேட்டுல ஹேண்ட்பிரேக் போட்டு கிளம்புங்க. ஆஃப் ஆனா ஆகட்டும்.


சராசரி_தமிழன்:

அண்ணே கடைசி வரைக்கும் என்ன கலர்னு சொல்லவே இல்லையே?